மூடி வந்த கூடை

அத்தியாயம் 14

செல்லியம்மாளின் வாய் எப்படிப்பட்டது என்று இதுவரை படித்து வந்தவர்களுக்குத் தெரியும். மகனை அதட்டுவாள், மருமகளை அதட்டுவாள், நடுரோட்டில் படுத்திருக்கும் ஊரான் வீட்டு எருமையையும் விடமாட்டாள். அந்த வாய் ஒரே ஒரு நேரத்தில்தான் குழையும். விடிந்ததும் கோழிக்கூண்டின் பலகையைத் தூக்குகிற நேரம்.

"வாங்க கண்ணுங்களா... எறங்கு சாமி... ஏய் மொட்டைக்கழுத்தி, முட்டித் தள்ளாதே, அதுக்கும் வழி வுடு!"

தன் வயிற்றில் பிறந்த தீர்த்தகிரியை அவள் ஒரு நாளாவது 'சாமி' என்று கூப்பிட்டிருப்பாளா என்பது சந்தேகம். அவனுக்கே அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுமேட்டுக் கொட்டாய் என்ற ஊரில், இந்த செல்லியம்மாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மருமகள் காவேரிக்கு வளையல் அடுக்கினார்கள் அல்லவா? ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போன வயிறு. அதனால் சந்தோஷத்தைக்கூட எல்லோரும் அடக்கித்தான் பட்டார்கள். காவேரியின் அம்மா பெரியம்மாள், மாரண்டஹள்ளிக்கும் அந்தாண்டை இருக்கிற தன் ஊரிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தாள். கையில் ஒயர் கூடை. அதில் பூ, பழம், ஒரு புடவை. தலையில் மூங்கில் கூடை. அதன் வாயைப் பழைய சேலைத் துணியால் மூடிக் கட்டியிருந்தாள்.

அவிழ்த்துப் பார்த்தால் நாலு பெட்டைக்கோழிகள், கொழுகொழுவென்று.

"உங்க வூட்டுக்குன்னு ஆசையா கொண்டாந்தேன் சம்மந்தி" என்றாள் பெரியம்மாள்.

செல்லியம்மாளுக்குத் தலையில் கிரீடம் வைத்தது போலாயிற்று. வளையல் போட வந்த பெண்கள் அத்தனை பேரையும் கூண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தச் சந்தோஷத்தில்தான், மாதக்கணக்காகப் பிடிவாதம் பிடித்து வந்தவள் மனம் இளகி, "சரி, பிரசவத்துக்கு உங்க வூட்டுக்கே கூட்டிப் போங்க" என்று வாக்குக் கொடுத்தாள். காவேரி அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்து எத்தனை நாளாயிற்று!

நாளைக்குப் புறப்பாடு. பெட்டி கட்டியாகிவிட்டது. இன்று ஒரு பகல் ஒழுங்காகக் கழிந்துவிட்டால் போதும்.

கழியவில்லை.

*

காவேரி எழுந்து கொல்லைப் பக்கம் போனபோது கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது. எருக்குழிக்குப் பின்னாலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அம்மா.

"என்னாம்மா பண்றே?"

பெரியம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் காலடியில் அந்தப் புள்ளிக்கோழி கிடந்தது. கூடையில் வந்த நாலில் ஒன்று, இரவில் கூண்டில் அடையாமல் வெளியே தங்கியது.

"சத்தம் போடாதே கண்ணு. கீரி வந்து கடிச்சிருக்கும்போல."

காவேரி கோழிக்கு நடுவில் வளர்ந்தவள். கீரி கடித்தால் கழுத்தில் ரத்தம் இருக்கும், இறகு சிதறிக் கிடக்கும். இதற்கு ஒரு காயமும் இல்லை. கழுத்து முதுகுப் பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. வால்பக்கத்து இறகுகளில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல் ஒட்டியிருந்தது.

"அம்மா, இது சீக்கு."

பெரியம்மாள் குழியை இன்னும் ஒரு வெட்டு ஆழமாக்கினாள்.

"நம்ம ஊர்ல வந்திருக்குதா?"

"வந்து, வாரிக்கிட்டும் போயிடுச்சு." பெரியம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தெருவுல ஒரு சேவல் கூவலடி காவேரி. நம்ம வூட்டுல இந்த நாலுதான் நின்னுச்சு. நல்லா மேஞ்சுது, நல்லா தின்னுச்சு. எல்லை தாண்டிட்டா பொழைச்சுக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அவங்கவங்க ஒறம்பரை வூட்டுக்குக் கொண்டுபோய் வுட்டாங்க. நானும் கொண்டாந்தேன்."

இதைப் படித்துவிட்டுப் பெரியம்மாளை வைகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் இது வழக்கம். பங்குனி வெயிலில் கோழிகள் தூங்கி விழ ஆரம்பித்தால், நன்றாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துக் கூடையில் போட்டு அடுத்த ஊர் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சீக்குக்குப் பஸ் ஏறத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. அது கூடைக்குள்ளேயே உட்கார்ந்து டிக்கெட் இல்லாமல் வருகிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

"அத்தைகிட்ட சொல்லிடலாம்மா."

"சொன்னா?" பெரியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு உன்னை என்கூட அனுப்புவாங்களா? வளையல் போட வந்தவ சீக்கைக் கொண்டாந்து வுட்டாள்னு ஊரே பேசும். நீ இந்த வூட்டுல காலத்துக்கும் தலையெடுக்க முடியாது. ஒரு பகல் பொறுத்துக்கோ சாமி. விடிஞ்சா நாம கெளம்பிடலாம். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது."

காவேரியின் வயிற்றில் பிள்ளை ஒரு முறை புரண்டது. அவள் மண்ணைத் தள்ளிக் குழியை மூடுவதற்கு உதவினாள். கேட்பது அம்மா என்றால் என்ன செய்வது?

*

ஒன்றும் ஆகாது என்று பெரியம்மாள் சொன்ன வார்த்தையின் ஈரம் காய்வதற்குள் கூண்டுப் பக்கமிருந்து செல்லியம்மாளின் குரல் கேட்டது.

"காவேரீ! ஓடியா!"

செல்லியம்மாள் கம்பை இறைத்திருந்தாள். பாதிக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. மொட்டைக்கழுத்தியும், முட்டையிடும் பருவத்துக்கு வந்த ஒரு வெடைக்கோழியும் இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றன. காலடியில் விழுந்த தானியத்தைக்கூடக் கொத்தவில்லை.

"தூங்குது பாரு. தூங்குது பாரு புள்ள!" செல்லியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மொட்டைக்கழுத்தியைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் முட்டித் தள்ளிட்டு முன்னால வர்றவ, இன்னிக்குக் கூண்டை வுட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா."

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் எல்லாம் வைத்துக் காவேரி அரைத்துக்கொண்டு வந்தாள். செல்லியம்மாள் அலகைப் பிளந்து உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளினாள். மொட்டைக்கழுத்தி அதை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

"பேசாம அறுத்துக் கொழம்பு வெச்சுடலாமே. வீணாப் போறதுக்கு..." என்று பின்னாலிருந்து ஒரு யோசனை வந்தது. தீர்த்தகிரி. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன், பல்லுக்குச்சியை மென்றுகொண்டு நின்றான்.

அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் பல்லுக்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜான் பீ எட்டிப் பார்க்க வேண்டும்? ஜான் பீயும் செல்லியம்மாளும் பக்கத்துப் பக்கத்து வீடு. இவள் கோழி அவள் வைக்கோல் போரில் முட்டையிடும். அவள் கோழி இவள் முருங்கை மரத்தில் அடையும். யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் மற்றவள் வீட்டு முட்டையையும் சேர்த்து வைத்துப் பொரிக்க விடுவார்கள். அப்படிப் பழகியவர்கள்.

"செல்லிக்கா, எங்க கறுப்புப் பெட்டை காலையிலேருந்து தூங்கிட்டே நிக்குதுக்கா. உங்களுது நல்லாருக்குதா?"

அவ்வளவுதான்.

"உன் வூட்டுலேருந்துதான் வந்துச்சா!" செல்லியம்மாள் எழுந்துவிட்டாள். "சந்தைக் குஞ்சு வாங்காதே, சந்தைக் குஞ்சு வாங்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? கண்ட ஊர்ச் சீக்கையும் காசு குடுத்து வாங்கியாந்து என் கூண்டுல வுட்டுட்டியே!"

"அந்தக் குஞ்சுங்க இன்னும் துள்ளிக்கிட்டுத்தாங்க்கா இருக்குதுங்க. அதுங்களுக்கு ஒண்ணும்..."

"பேசாதே! இனிமே உன் கோழி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சுன்னா காலை ஒடிச்சு எறிவேன், சொல்லிட்டேன்."

ஜான் பீயின் முகம் சுண்டிப்போயிற்று. திருப்பிப் பேசத் தெரியாதவள் இல்லை அவள். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

காவேரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அரிசியில் நேற்றே கல் பொறுக்கியாகிவிட்டது.

*

செல்லியம்மாள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பரண் மேலிருந்து மூங்கில் கூடையை இறக்கச் சொன்னாள்.

"நல்லா இருக்கிறதுங்களைப் புடிடா. கொக்கு நெறத்துப் பெட்டை, சாம்பலு, அந்த ரெண்டு வெடை. செவலைச் சேவலையும் புடி."

"சேவலையுமா?"

"அதைத்தாண்டா மொதல்ல அனுப்பணும். ஏரிக்கரை முனியப்பனுக்கு நேர்ந்து வுட்டது. இவ நல்லபடியா பெத்துப் பொழைச்சா அறுக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். அது சீக்குல செத்தா என்னா அர்த்தம்? சொல்லு, என்னா அர்த்தம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. காலில் மஞ்சள் துணி கட்டிய செவலைச் சேவல் மட்டும் மதில் மேல் நின்று, ஊரில் நடப்பது எதுவும் தன்னைச் சேராது என்பது போலக் கூவிற்று.

"எங்கே அனுப்பறதும்மா?" என்றான் தீர்த்தகிரி.

"எங்கேன்னா? குள்ளம்மா வூட்டுக்குத்தான்."

குள்ளம்மாள் செல்லியம்மாளின் மகள். தீர்த்தமலை அடிவாரத்தில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. அவனையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவள் கோழிகளை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறாள். மலைக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் அவளிடம்தான் முட்டையும் கோழியும் வாங்குவார்கள். அவள் கூண்டு காலியானால் அந்த வீடே காலி.

காவேரி அம்மாவைத் தேடி எழுந்தாள்.

செல்லியம்மாள் மகனைக் கிட்டே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

"அங்க போய் சீக்கு கீக்குன்னு வாயைத் தொறக்காதே. அவ மாமியாக்காரி வாசல்ல ஏத்த மாட்டா. அம்மா ஆசையா குடுத்து அனுப்புச்சுன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

காவேரி அம்மாவைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா, இப்பவாவது சொல்லு. அதுங்க நம்ம கோழிங்களோட ஒண்ணா மேஞ்சதுங்க. பார்த்தா நல்லாத்தான் தெரியும். நீ கொண்டாந்ததும் பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு? குள்ளம்மா அண்ணியைக் கொன்னுடாதேம்மா."

"நான் எப்படிடி சொல்லுவேன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?" பெரியம்மாள் மகளின் வயிற்றைத் தொட்டாள். "உன்னை அனுப்பலைன்னா? மூணாவது தடவைடி இது. நீ என் கண்ணு முன்னால பெத்தெடுக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல."

காவேரிக்கு அழுகை வந்தது. அவளுக்கும் அதேதான் வேண்டும். உலகத்தில் இப்போது அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அம்மா வீட்டு மண்தரை, அம்மா கை ரசம், பயந்தால் பிடித்துக்கொள்ள அம்மா. வாயைத் திறந்தால் அது போய்விடும்.

வாசலில் தீர்த்தகிரி கூடையைச் சேலைத் துணியால் மூடிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தை." காவேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கூடையை அனுப்ப வேணாங்க."

"ஏன்?"

"சீக்கு ஜான் பீ அக்கா வூட்டுலேருந்து வரலைங்க. எங்கம்மா கொண்டாந்த கோழியிலதான் வந்துச்சு. எங்க ஊர்ல எல்லாம் செத்துப்போச்சாம். காலையில புள்ளிக்கோழியும் செத்துடுச்சு. இதுங்களை அனுப்பினா குள்ளம்மா அண்ணி வூட்டுக்கும் போயிடுங்க."

செல்லியம்மாள் மெதுவாகச் சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"நெசமா சம்மந்தி?"

பெரியம்மாள் மகளைப் பார்த்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க சம்மந்தி. புள்ளிக்கோழியைக் கீரி கடிச்சிடுச்சு. இவ ஏதோ பயந்துக்கிட்டுப் பேசறா."

பெற்ற தாய் தன்னைப் பொய்க்காரியாக்குவாள் என்று காவேரி நினைக்கவே இல்லை. முகத்தில் அடித்தது போலிருந்தது. கன்னம்கூடச் சிவந்துவிட்டது.

செல்லியம்மாளுக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. "ஓ, இப்படிப் போவுதா கதை? என் மவளுக்கு நாலு கோழி போறது உனக்குப் பொறுக்கல. அதுக்காகப் பெத்தவ மேலேயே பழி போடுவியா? டேய், என்னா நின்னுட்டு வேடிக்கை பார்க்கிறே? பஸ் வந்துடும், நட!"

தீர்த்தகிரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். பெண்டாட்டி பக்கம் ஒரு பார்வை, அம்மா பக்கம் ஒரு பார்வை. பாவம், அவனுக்குக் கழுத்து ஒன்றுதான்.

*

பஸ் நிற்கும் இடம் அதிக தூரமில்லை. ஓடைப் பாலத்துக்கு அந்தப்பக்கம். காவேரி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே போனாள். "காவேரி! ஓடாதே! வயித்துப் புள்ளைக்காரி ஓடாதே!" என்று கத்திக்கொண்டு செல்லியம்மாள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் பெரியம்மாளும் ஓடினாள். இந்த வரிசையைப் பார்த்து யார் வீட்டிலோ நாய் குரைத்தது.

அரூர் பஸ் வந்து புழுதியோடு நின்றது. கண்டக்டர் கூடையைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"கோழியா? உள்ள ஏத்தாதே. மேல போடு. லக்கேஜ் டிக்கெட் வாங்கணும்."

தீர்த்தகிரி பின்பக்கத்து ஏணியில் ஏறினான். மேலே கத்திரிக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பாதி ஏணியில் நின்று கூடையை எக்கி வைக்கப் பார்க்கும்போது காவேரி வந்து சேர்ந்தாள்.

"ஏங்க, எறக்குங்க. உங்க அக்கா புள்ளைங்களை நெனைச்சுப் பாருங்க. எறக்கிடுங்க!"

"அம்மா திட்டுவாங்க காவேரி..."

கூடையை மூடியிருந்த சேலைத் துணியின் ஒரு முனை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காவேரி அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கூடை சாய்ந்தது. கட்டு அவிழ்ந்தது. கொக்கு நிறத்துப் பெட்டை தீர்த்தகிரியின் தலை மேல் இறங்கியது. சாம்பல் கோழி கண்டக்டரின் தோளை உரசிக்கொண்டு ரோட்டில் விழுந்து ஓடியது. வெடைக்கோழிகள் இரண்டும் கத்திக்கொண்டே பாலத்தடிக்குப் பறந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்கள். ஒரு தாத்தா எழுந்து நின்றே கைதட்டினார்.

செவலைச் சேவல் மட்டும் கீழே வரவில்லை. அது மேலே பறந்தது. கத்திரிக்காய் மூட்டையின் மேல் போய் நின்று, மஞ்சள் துணி கட்டிய காலை ஒருமுறை உதறியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். தீர்த்தகிரி ஏணியிலிருந்து குதித்தான். பஸ் கிளம்பிவிட்டது.

"சேவலு! டேய், நிறுத்துடா! முனியப்பன் சேவலு!" செல்லியம்மாள் பஸ் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். புழுதிதான் மிஞ்சியது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன் புள்ளைக்கு நேர்ந்ததுடி அது. உன் கையாலேயே தொரத்தி வுட்டுட்டியே. மூணாவது தடவையும் நான் வெறுந்தொட்டிலைப் பார்க்கணுமா?"

செல்லியம்மாள் அழுது காவேரி பார்த்ததே இல்லை. இந்த அதட்டலுக்கெல்லாம் பின்னால் அந்த மனுஷி இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவளும் நின்று அழுதாள்.

பெரியம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ரோட்டோரப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளைத் திட்டாதீங்க சம்மந்தி. அவ பொய் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன். சீக்கை நாந்தான் கொண்டாந்தேன்."

செல்லியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தெரிஞ்சேவா கொண்டாந்தீங்க?"

"ஊர்ல சீக்குன்னு தெரியுங்க. இந்த நாலுக்கும் இருக்கும்னு தெரியாதுங்க. எங்கிட்ட கோழியை வுட்டா வேற என்னா இருக்குது? மவளுக்கு வளையல் போடற வூட்டுக்கு வெறுங்கையோட எப்படி வருவேன்? நல்லா நின்னதுங்களை எடுத்தாந்தேன். சீக்கு ஊர்க் கோழின்னு சொன்னா வாசல்லயே நிறுத்திடுவீங்கன்னு பயந்துக்கிட்டு, ஆசையா கொண்டாந்தேன்னு சொல்லிட்டேன்."

தலையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த தீர்த்தகிரிதான் வாயைத் திறந்தான். அவன் எதையும் யோசித்துச் சொல்லுகிறவன் இல்லை. அன்றைக்கும் யோசிக்காமல்தான் சொன்னான்.

"நீயும் அதையேதானேம்மா எங்கிட்ட சொல்லி அனுப்பினே?"

செல்லியம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கிவிட்டது. ரோட்டில் கவிழ்ந்து கிடந்த தன் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அப்படி நின்றாள் என்று தோன்றியது. அவள் வாழ்நாளில் பேசாமல் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

"அடுத்த பஸ்ஸுல ஏறு" என்றாள் மகனிடம். "அந்தச் சேவலு எந்த ஊர்ல எறங்குச்சுன்னு விசாரி. எந்த வூட்டுல புடிச்சு வெச்சிருந்தாலும், இது சீக்கு வூட்டுச் சேவலு, உங்க கோழியோட வுடாதீங்கன்னு சொல்லிடு. வாயில முழுங்காதே."

"கெடைச்சா கொண்டாரவாம்மா?"

"மொதல்ல கெடைக்கட்டும்."

"காவேரி நாளைக்கு..."

"அந்தப் பேச்சை இப்ப எடுக்காதே."

*

ஓடிப்போன கோழிகளைத் துரத்திப் பிடித்து மூன்று பெண்களும் வீடு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. காவேரி நடு நடுவே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதெல்லாம் முன்னால் போகிற செல்லியம்மாளும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நின்றாள்.

வீட்டுக்குள் போவாள் என்று பார்த்தால், நேரே வேலிக்குப் போனாள்.

"ஜான் பீ!"

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கோவமா இருந்தா அங்கேயே இரு. காதுல மட்டும் வாங்கிக்கோ. உன் குஞ்சுங்க மேல தப்பு இல்ல. சீக்கு எங்க வூட்டுக் கூடையிலதான் வந்துச்சு. உன் கறுப்புப் பெட்டையைத் தனியா கூடை போட்டுக் கவுத்து வை. செத்துப்போச்சுன்னா ஆழமா பொதைச்சுடு. நான் பேசினது தப்பு."

கதவு திறந்தது. ஜான் பீ வேலியருகே வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அவள் பார்வை செல்லியம்மாளைத் தாண்டி, முருங்கை மரத்தடியில் கூனிக் குறுகி நின்ற பெரியம்மாள் மேல் போயிற்று. தெருவே பார்க்க அந்த நாலு கோழிகளும் வந்து இறங்கியதை அவளும்தான் பார்த்திருந்தாள்.

"கூடையில கொண்டாந்தது யாரு செல்லிக்கா?"

பெரியம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். காவேரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கதான்" என்றாள் செல்லியம்மாள்.

"நாங்கன்னா?"

"நாங்கன்னா நாங்கதாண்டி. இந்த வூட்டுல இருக்கிறவங்க. வேற யாரு?"

சொல்லிவிட்டுத் திரும்பினாள். முருங்கை மரத்தடியில் பெரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். செல்லியம்மாளுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

"அங்க நின்னு அழுதா ஆச்சா சம்மந்தி? உள்ள போய் வெங்காயம் உரிங்க. இன்னும் உசுரோட இருக்கிறதுங்களைப் பார்க்க வேணாமா?"